வேர் போன ஃபெலனாப்சிஸ்: ஒரு வேளச்சேரிச் செடியின் இரண்டேகால் வருடம்

2023 ஏப்ரல் கடைசி வாரம். வேளச்சேரியில் இருக்கும் சித்தி போன் செய்தார். "அந்த ஆர்க்கிட் போயிடும் போல இருக்குடி. நீ ஒரு தடவை வந்து பாரு. ஆகாதுன்னா தூக்கிப் போட்டுடறேன்." ஜனவரியில் அவர்களுடைய புது ஃப்ளாட்டுக்கு கிரகப்பிரவேசம் நடந்தபோது பரிசாக வந்த செடி அது. வெள்ளை ஃபெலனாப்சிஸ், ஆர்க்கிட்டில் ஒரு வகை. வந்த அன்று ஒரே தண்டில் எட்டுப் பூ, நுனியில் நாலு மொட்டு. நானும் அன்று பந்தியிலிருந்து எழுந்து போய் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டேன்.

நான் ஆதம்பாக்கத்தில் மொட்டை மாடியும் ஒரு பால்கனியுமாகப் பல வருடமாக ஆர்க்கிட் வளர்க்கிறேன். பெரும்பாலும் டென்ட்ரோபியம், கொஞ்சம் வாண்டா. ஃபெலனாப்சிஸ் குறைவு. இந்தச் செடியைப் பற்றி முழுதாக எழுதக் காரணம், எனக்குத் தெரிந்து நம் ஊரில் வீட்டுக்கு வரும் பத்து ஃபெலனாப்சிஸில் ஏழு எட்டு இதே வழியில்தான் சாகின்றன. இது பிழைத்தது. என்ன செய்தோம், எங்கே தப்பினோம் என்பதை அந்தந்த மாதம் நோட்டில் குறித்து வைத்திருந்ததால் வரிசையாகச் சொல்ல முடிகிறது.

போய்ப் பார்த்தபோது இருந்த நிலை

ஐந்து இலை. கீழே இருந்த இரண்டும் மஞ்சளாகித் தொங்கிக்கொண்டிருந்தன. மேலே மூன்றும் பச்சைதான், ஆனால் நீளவாக்கில் சுருக்கம் விழுந்து, பழைய தோல்செருப்பு மாதிரி தளர்ந்திருந்தன. மொட்டு நான்கும் வந்த முதல் வாரமே உதிர்ந்துவிட்டதாம். பூக்கள் மார்ச் நடுவில் ஒவ்வொன்றாகப் போயின. காய்ந்த தண்டு மட்டும் நின்றது.

சித்தியிடம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். முதலில் வாரம் இரண்டு முறை. இலை சுருங்க ஆரம்பித்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசி மூன்று வாரமாகத் தினமும், காலை மாலை இரண்டு வேளையும். "இலை இப்படி வாடுதே, தண்ணி பத்தலன்னுதானே அர்த்தம்?"

அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. துளசிக்கும் மல்லிகைக்கும் அதுதான் சரியான கணக்கு. நாற்பது வருடம் செடி வளர்த்த கை சித்தியுடையது. அந்தப் பழக்கம்தான் இந்தச் செடியிடம் எதிராக வேலை செய்தது.

ஃபெலனாப்சிஸ் மரத்தில் தொற்றி வளரும் செடி. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கத்துக் காடுகளில் மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு, வேரைக் காற்றில் தொங்கவிட்டு வாழ்வது. ("அப்ப புல்லுருவியா?" என்று சித்தி கேட்டார். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாறு உறிஞ்சும். ஆர்க்கிட்டுக்கு மரத்திடமிருந்து வேண்டியது உட்கார ஓர் இடம் மட்டும்.) அதன் வேரைச் சுற்றி வெலமன் என்ற ஒரு உறை உண்டு. உயிரில்லாத வெற்று அறைகளால் ஆன பஞ்சு போன்ற படலம். மழை பெய்தால் சில நிமிடத்தில் நீரை இழுத்துக்கொள்ளும், பிறகு மெல்ல உலரும். காய்ந்திருக்கும்போது வெள்ளிச் சாம்பல் நிறம். நனைந்தால் உறை கண்ணாடி போலாகி உள்ளே இருக்கும் பச்சை தெரியும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடந்தால்தான் அந்த வேர் உயிரோடு இருக்கும். எப்போதும் நனைந்தே கிடந்தால் காற்று புகாது, வேர் மூச்சு முட்டிச் சாகும். செத்த வேரில் பூஞ்சை ஏறும். வேர் போனபின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இலைக்கு ஏறாது, இலை சுருங்கும். சுருங்கியதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம்.

இன்னொன்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. கற்றாழை, அன்னாசி மாதிரி ஃபெலனாப்சிஸும் இலைத்துளைகளை ராத்திரியில் திறந்து காற்றை எடுத்துக்கொண்டு பகலில் மூடிக்கொள்ளும். தடித்த இலை வேறு. அதனால் நீரை இழப்பது மிக மெதுவாக. வேர் அழுகி மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் இலையில் சுருக்கம் தெரியும். சித்தி இலையைப் பார்த்துக் கவலைப்பட்ட நாளில், தொட்டிக்குள் பாதி வேர் ஏற்கெனவே போயிருக்க வேண்டும்.

தொட்டிக்குள்ளே

வெளியில் அழகான வெள்ளைப் பீங்கான் தொட்டி. அடியில் துளை கிடையாது. அதற்குள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கப். கப்பை வெளியே எடுத்தபோது பீங்கானின் அடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் தேங்கியிருந்தது. மோந்து பார்த்தால் அடைத்துக்கொண்ட சிங்க் வாடை.

கப்பில் முழுக்க ஸ்பாக்னம் பாசி, இறுக்கித் திணித்தது. பிழிந்தால் கை நிறையத் தண்ணீர் வந்தது. பாசியைப் பிரித்துக்கொண்டே போனால் நட்டநடுவில் இன்னொரு சின்ன உருண்டை, வலை சுற்றியது. நாற்றாக இருந்தபோது நட்ட பாசி அது. பண்ணையில் செடி பெரிதானதும் அதைப் பிரிக்காமல் அப்படியே பெரிய கப்புக்கு மாற்றிவிடுவார்கள். மேல்பாசி காய்ந்தாலும் இந்த உருண்டை ஈரமாகவே இருக்கும். அழுகல் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கும். இந்தச் செடியிலும் தண்டின் அடிக்கு மிக அருகில் இருந்த வேர்கள்தான் முதலில் கூழாகியிருந்தன.

வேரை எண்ணினேன். பதினேழு. ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். உயிருள்ள வேர் பச்சைப் பட்டாணி போலக் கெட்டியாக இருக்கும். செத்தது அமுங்கும், பழுப்பு நீர் வரும், இழுத்தால் மேலுறை கழன்று நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் கையில் நிற்கும். பதினான்கு வேரில் அந்த நூல்தான் மிஞ்சியது. தேறியவை மூன்று. அதிலும் ஒன்று பாதி.

சித்தி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அந்தப் பழுப்பு நீரைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "நான்தான் கொன்னுட்டேனா?" என்றார். தண்ணீர் பாதிக் காரணம்தான், துளையில்லாத தொட்டியும் நடுவில் இருந்த உருண்டையும் மீதிப் பாதி என்று சொன்னேன். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வாரம் ஒரு முறை மட்டும் ஊற்றியிருந்தாலும் அந்தத் தொட்டியில் நீர் தேங்கித்தான் இருந்திருக்கும்.

வந்த கையோடு வீட்டுத் தண்ணீரையும் சோதித்தேன். செடிக்கு ஊற்றியது போர் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1,180 காட்டியது. பாசியின் மேல்பக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததற்குக் காரணம் புரிந்தது. ஆர்க்கிட்டுக்கு 200-க்குக் கீழே இருப்பது நல்லது. அவர்கள் வீட்டு ஆர்ஓ தண்ணீர் 70 இருந்தது. மழைத்தண்ணீர் இன்னும் நல்லது.

மொட்டு உதிர்ந்தது ஏன் என்றால், அது செடி வந்த வழியில் இருக்கிறது. ஆர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது, தூசு மாதிரி இருக்கும். 1922-இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த கூழில் அதை முளைக்க வைக்கும் வழியைக் கண்டார். 1960-இல் பிரான்ஸில் ஜார்ஜ் மொரெல் நுனித்திசுவிலிருந்து ஒரே செடியைப் பல்லாயிரமாகப் பெருக்கும் வழியைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் ஆர்க்கிட் பணக்காரத் தோட்டத்தை விட்டு வெளியே வந்தது. இன்று ஃபெலனாப்சிஸ் கண்ணாடி வீட்டுக்குள் கணக்கு வைத்து வளர்க்கப்படுகிறது. இலை விட 28 டிகிரி வெப்பம், பிறகு பூந்தண்டு வர 20 டிகிரி சுற்றிக் குளிர்ச்சி. அப்படி வளர்ந்த செடி ஏசி வண்டியில் வந்து, கிரகப்பிரவேச ஹோமப் புகையிலும் நூறு பேர் நடமாட்டத்திலும் ஒரு நாள் நின்றால் இளமொட்டு தாங்காது. அதற்குச் சித்தி எதுவும் செய்திருக்க முடியாது.

வெட்டு, அப்புறம் மே மாத வெயில்

செடியை என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். கத்தரிக்கோலை அடுப்புத் தீயில் காட்டி, ஆறவிட்டு, செத்த வேர்களை அடியோடு வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் மறுபடி தீயில் காட்டினேன். வைரஸ் பெரும்பாலும் கத்தரிக்கோல் வழியாகத்தான் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. காய்ந்த பூந்தண்டையும் மஞ்சள் இலை இரண்டையும் எடுத்தேன். தண்டின் அடியில் இலை கழன்ற இடத்தில் மட்டும் பட்டைத்தூள் தொட்டு வைத்தேன். சமையலறைப் பட்டைதான். அதை வேர் மேல் தூவக்கூடாது. பட்டைத்தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும், மிஞ்சிய வேரும் காய்ந்துபோகும். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி வேரைக் கழுவச் சொல்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. நுரை வருவதைப் பார்த்தால் ஏதோ சுத்தமாவது போல இருக்கும், நல்ல வேர்நுனியும் அதில் வெந்துவிடும். கார்பன்டசிம்–மேங்கோசெப் கலந்த பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, வேரையும் தண்டடியையும் பத்து நிமிடம் முக்கி எடுத்தேன். பிறகு ஒரு நாள் முழுக்க நிழலில் வெறுமனே ஒரு தட்டில் கிடந்தது. அப்படிக் கிடப்பதைப் பார்க்க மனசு கஷ்டப்படும். ஆனால் வெட்டுவாய் ஆறுவது அவசியம்.

இதற்குப் பிறகு நான் ஒரு தவறு செய்தேன்.

வேர் இல்லாத செடிக்கு வழக்கமான வைத்தியம், ஈரக்காற்றில் மூடி வைப்பது. ஒரு பெரிய பாலிதீன் கவரில் அடியில் ஒரு கைப்பிடி ஈரப்பாசி, அதன் மேல் ஒரு சின்ன வலைத்தட்டு, தட்டின் மேல் செடி. வேர் பாசியைத் தொடாது, காற்றில் இருக்கும் ஈரத்தை எடுத்துக்கொள்ளும். குளிர் நாடுகளில் இதை இறுக்கிக் கட்டி வைக்கிறார்கள். நானும் அப்படியே கட்டி கிழக்கு ஜன்னலில் வைத்தேன். மே 4 அக்னி நட்சத்திரம் தொடங்கியது. அந்தச் சூட்டில் கவர் இட்லிக் குண்டான் ஆகிவிட்டது. ஆறாம் நாள் பார்த்தபோது கவரின் உள்பக்கம் வியர்த்துக் கொட்டுகிறது, பாசியில் வெள்ளைப் பூஞ்சை, இருந்த மூன்று இலையில் கீழ் இலை மஞ்சள் அடிக்கத் தொடங்கியிருந்தது. அந்த இலை போய்விட்டது. இரண்டு இலையும் இரண்டரை வேருமாகச் செடி நின்றது.

சென்னையில் கோடையிலும் காற்றில் ஈரம் போதுமான அளவு இருக்கிறது. இங்கே தேவைப்படுவது காற்றோட்டமும் சூட்டைக் குறைப்பதும். கவரின் வாயைத் திறந்து, பக்கவாட்டில் நாலு ஓட்டை போட்டு, வெயிலே படாத படுக்கையறை மூலைக்கு மாற்றினேன். ஃபேன் நாள் முழுக்க மெதுவாக ஓடும், ராத்திரி ஏசியும் உண்டு. காலையில் எழுந்ததும் ஒரு கிண்ணம் ஆர்ஓ தண்ணீரில் வேரை மட்டும் பத்து நிமிடம் முக்கி எடுப்பேன். வாரத்தில் ஒரு நாள் அந்தக் கிண்ணத்தில் கடற்பாசிச் சாறு சில சொட்டு. உரம் எதுவும் கொடுக்கவில்லை. வேரே இல்லாத செடிக்கு உரம் வைத்தால் உப்பு ஏறி இருக்கிறதும் கருகும்.

ஏழு வாரம் எதுவும் நடக்கவில்லை. தினமும் பார்ப்பேன், அப்படியே இருக்கும். ஜூன் 27 காலை, தண்டின் அடியில் காய்ந்த இலைக்காம்பைத் துளைத்துக்கொண்டு ஒரு பச்சைப் புள்ளி. வெந்தயம் அளவு. மூன்றாம் நாள் அது பளபளப்பான நுனியாகி, கிளிமூக்கு மாதிரி வளைந்தது. அன்று ராத்திரியே சித்திக்குப் படம் அனுப்பினேன். "இதுவா வேரு? இவ்ளோ அழகா இருக்கும்னு தெரியாதே" என்று பதில் வந்தது.

தொட்டி, தீனி, தண்ணீர்

ஆகஸ்டில் நாலு புது வேரும், குருத்திலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஓர் இலையும் வந்துவிட்டன. இலை பழையதைவிடச் சின்னது, அது எதிர்பார்த்ததுதான். அக்டோபர் முதல் வாரம், பருவமழைக்கு முன்னால், தொட்டிக்கு மாற்றினேன்.

வேர் தெரியும்படி பிளாஸ்டிக் கப்தான் வைத்தேன், பக்கவாட்டில் சூடான கம்பியால் நிறைய ஓட்டை போட்டு. உள்ளே இரண்டு பங்கு மரக்கரி, ஒரு பங்கு தேங்காய் மட்டைத் துண்டு, அடியில் உடைத்த ஓடு. வெளிநாட்டுப் பைன் பட்டை கிடைக்கிறது, விலை அதிகம், நம் ஊர் ஈரத்தில் இரண்டு வருடத்தில் மக்கியும் போகிறது. கரி மக்காது. மட்டைத் துண்டில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். அதில் இயல்பாகவே உப்பு இருக்கும். ஐந்து நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றினேன். முதல் நாள் காப்பி நிறத்தில் இறங்கியது, ஐந்தாம் நாள் வெளிர் மஞ்சள். முடிந்தால் மீட்டரை விட்டுப் பார்த்து, ஊறிய தண்ணீரும் ஊற்றிய தண்ணீரும் ஏறக்குறைய ஒன்றாகும் வரை செய்யுங்கள்.

உரம், கடையில் கிடைக்கும் 19:19:19, அதாவது தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் சமமாக உள்ளது. ஒரு லிட்டருக்கு அரை கிராம், அதற்கு மேல் வேண்டாம். மூன்று வாரம் உரத்தண்ணீர், நான்காவது வாரம் வெறும் தண்ணீர் நிறைய ஊற்றி உப்பைக் கழுவி விடுவது.

தண்ணீர் எப்போது ஊற்றுவது என்பதற்கு நாள் கணக்கு வைக்கவே இல்லை. கண்ணுக்கு வேர் தெரிகிறது. கப்பின் சுவரில் ஒட்டிய வேர் பச்சையாக இருந்தால் ஊற்ற வேண்டாம், சாம்பல் நிறமானால் ஊற்றலாம். கூடவே சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதினேன். நன்றாக நனைத்து வடிந்தபின் 470 கிராம், முழுக்க உலர்ந்தால் 310. சுமார் 340-க்கு வந்தால் தண்ணீர். வெயில் காலத்தில் அதற்கு மூன்று நாள் பிடித்தது, நவம்பர் மழையில் ஒன்பது நாள். ஒரே செடி, ஒரே தொட்டி, மூன்று மடங்கு வித்தியாசம். 'வாரம் இரு முறை' என்று அட்டையில் அச்சடித்துக் கொடுப்பதை நம்ப முடியாததற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

மிக்ஜாம் புயலும் ஓர் இலைப்புள்ளியும்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரி என்ன பாடுபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். சித்தி வீட்டில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், அவர்கள் மூன்றாம் மாடி என்பதால் தப்பித்தார்கள். என் வீட்டில் இரண்டரை நாள் கரண்ட் இல்லை. ஜன்னலைத் திறந்தால் சாரல், மூடினால் புழுக்கம். ஃபேன் கிடையாது. இந்த மூன்று நாளில்தான் செடிக்கு அடுத்த அடி விழுந்தது.

5-ஆம் தேதி மாலை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோது ஒரு இலையின் நுனிப்பக்கம் எண்ணெய் பட்டது போல நீர்கோத்த புள்ளி, ஐம்பது பைசா அளவு. விரலால் தொட்டால் உள்ளே கொழகொழப்பு. மறுநாள் காலை அது இரண்டு மடங்கு. பூஞ்சைப் புள்ளி இவ்வளவு வேகமாகப் பரவாது. இது பாக்டீரியா அழுகல். ஈரமும் அசையாத காற்றும் சேர்ந்தால் வரும், குருத்தை எட்டினால் செடி முடிந்தது. ஃபெலனாப்சிஸுக்கு ஒரே ஒரு வளர்நுனிதான், எல்லா இலையும் அதிலிருந்துதான். டென்ட்ரோபியத்தில் ஒரு தண்டு போனால் பக்கத்தில் இன்னொன்று வரும். இதில் அந்த வசதி பெரும்பாலும் இல்லை.

புள்ளிக்கு இரண்டு விரற்கடை தள்ளி, நல்ல பச்சைப் பகுதியில், இலையின் பாதியை வெட்டி எறிந்தேன். வெட்டுவாயில் பட்டைத்தூள். காப்பர் ஆக்சிகுளோரைடு லேசாக ஒரு முறை. (டென்ட்ரோபியத்துக்குச் செம்பு மருந்து ஒத்துக்கொள்ளாது, இலை கருகும். இரண்டும் அருகருகே இருந்தால் பார்த்துத் தெளியுங்கள்.) குருத்துக்குழியில் தேங்கிய நீரை டிஷ்யூ பேப்பரைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றி எடுத்தேன். பிறகு கரண்ட் வரும்வரை நானும் மகளும் மாற்றி மாற்றி அட்டை விசிறியால் விசிறினோம். கேட்பவர்களுக்கு அதிகப்படியாகத் தோன்றலாம், ஆனால் ஏழு மாதம் கையில் வைத்துக் காப்பாற்றிய செடி.

புள்ளி அதற்கு மேல் பரவவில்லை. அந்தப் பாதி இலை இன்னும் செடியில் இருக்கிறது.

முதல் தண்டை வெட்டியது

2024 ஜனவரி நடுவில் இலைக்கக்கத்தில் ஒரு முளை. முதலில் வேர் என்று நினைத்தேன். வேர்நுனி உருண்டையாக, ஒரே சீராக இருக்கும். பூந்தண்டின் நுனி கொஞ்சம் தட்டையாக, கட்டைவிரல் மட்டும் பிரிந்த குளிர்க்கையுறை போல இருக்கும். ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது, பூந்தண்டுதான்.

ஃபெலனாப்சிஸ் பூக்க வேண்டுமென்றால் சில வாரமாவது 25, 26 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். 28-க்கு மேலேயே இருந்தால் இலையாக விட்டுக்கொண்டிருக்கும், தண்டு வராது. சென்னையில் அந்தக் குளிர்ச்சி கிடைப்பது மார்கழி, தை இரண்டு மாதம், அதுவும் ராத்திரியும் விடிகாலையும்தான். ஏசி அறையில் இருந்தது அதற்கு உதவியிருக்கும்.

செடியில் அப்போது மூன்றரை இலை. நான் அந்தத் தண்டை வெட்டினேன். சித்திக்குப் பெரிய வருத்தம். "ஒரு வருஷம் கழிச்சு இப்பதான் ஒண்ணு விட்டிருக்கு, அதைப் போயி..." என்று போனிலேயே குரல் உடைந்தது. எனக்கும் எளிதாக இல்லை. ஆனால் பூ மூன்று மாதம் செடியைத் தின்னும். மெலிந்த செடி இருக்கிற சத்தையெல்லாம் பூவில் கொட்டிவிட்டு, அடுத்த கோடையைத் தாங்காமல் போய்விடும். இந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை, இன்று கேட்டாலும் வெட்டுவேன்.

2024 முழுவதும் சொல்ல அதிகம் இல்லை. மூன்று புது இலை, ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரியது. ஜூலையில் இலைக்கக்கத்தில் மாவுப்பூச்சி வந்தது, எறும்பு வரிசையைப் பின்தொடர்ந்து போனதால் கண்டுபிடித்தேன். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன், ஒரு மாதம் வாரா வாரம். அக்டோபரில் செடி சித்தி வீட்டுக்குத் திரும்பியது. கிழக்குப் பார்த்த ஹால் ஜன்னல், காலை எட்டரை வரை இளவெயில், பிறகு வெறும் வெளிச்சம். இலைக்கு மேல் கையை நீட்டினால் நிழல் ஓரம் மங்கலாக விழுந்தது, அது போதும். பழைய பீங்கான் தொட்டியைச் சித்தி துளை போடும் கடையில் கொடுத்து, அடியில் மூன்று ஓட்டை போட்டு வைத்திருந்தார். நான் சொல்லவில்லை, அவராகவே செய்தது.

மாம்பழம்

2025 ஜனவரி 20-ஆம் தேதி வாக்கில் சித்தி அனுப்பிய படத்தில் பூந்தண்டு. இந்த முறை வெட்டச் சொல்லவில்லை. ஒரே திசையில் வெளிச்சம் படும்படி தொட்டியைத் திருப்பாமல் வைத்து, தண்டு ஒரு ஜாண் வளர்ந்ததும் மூங்கில் குச்சியில் தளர்வாகக் கட்டச் சொன்னேன். மார்ச் முடிவில் ஆறு மொட்டு எண்ணினார்.

ஏப்ரல் முதல் வாரம் மறுபடி போன். இரண்டு மொட்டு மஞ்சளாகி விழுந்துவிட்டன. தண்ணீர் சரியாக இருக்கிறது, வேர் பச்சை, பூச்சி இல்லை. நேரில் போய் ஜன்னலுக்கு அருகில் நின்றதுமே வாசனை வந்தது. சித்தப்பா வாங்கி வந்த பங்கனபள்ளிக் காய்கள், பேப்பரில் சுற்றி, செடி இருந்த மேசைக்குக் கீழ்த்தட்டில் பழுக்க வைக்கப்பட்டிருந்தன. பழம் பழுக்கும்போது எத்திலீன் வாயு வரும். ஃபெலனாப்சிஸ் மொட்டுக்கும் பூவுக்கும் அது ஆகவே ஆகாது, கொஞ்சம் பட்டாலும் உதிர்ந்துவிடும். அந்த வாரம் வெயிலும் ஏறியிருந்தது, அதுவும் சேர்ந்திருக்கலாம். மாம்பழத்தை அடுத்த அறைக்கு மாற்றினோம். அதற்குப் பிறகு ஒரு மொட்டும் விழவில்லை.

முதல் பூ ஏப்ரல் 12-இல் விரிந்தது. இரண்டு வாரத்தில் நான்கும். கிரகப்பிரவேசத்தன்று வந்த பூக்களைவிட அளவில் சிறியவை. உதட்டில் இருந்த மஞ்சள் கீற்று அப்படியே இருந்தது.

இதே மாதங்களில் என் பால்கனியில் மண்தொட்டியில், வெறும் கரியில் நட்ட டென்ட்ரோபியம் ஒன்று மூன்று முறை பூத்தது. அதற்கு நான் தண்ணீர் ஊற்றியதும் மாதம் இரண்டு முறை உரம் தெளித்ததும் தவிர எதுவும் செய்யவில்லை. 35 டிகிரியை அது பொருட்படுத்துவதே இல்லை. அதனால் சென்னை, மதுரை, திருச்சி மாதிரி சமவெளியில் முதல் ஆர்க்கிட் வாங்குபவர் கேட்டால் டென்ட்ரோபியம் என்றுதான் சொல்வேன். நல்ல வெயில் படும் மாடி இருந்தால் வாண்டா, மொக்காரா. குன்னூரிலோ கொடைக்கானலிலோ வீடு இருந்தால் சிம்பிடியம் வைக்கலாம், இங்கே அது பெரும்பாலும் பூக்காது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு முறை போய், மரத்தில் தொற்றிய செடிகளின் வேர் எப்படி வெட்டவெளியில் கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால், தொட்டியைப் பற்றிய நம் எண்ணமே மாறிவிடும். காட்டிலிருந்து பிடுங்கி வந்து விற்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள், அந்தச் செடிகள் வீட்டில் தேறுவதும் இல்லை.

ஃபெலனாப்சிஸ் பரிசாக வந்துவிட்டால், பூ இருக்கும்போதே அந்தக் கப்பை வெளித்தொட்டியிலிருந்து எடுத்து அடியைப் பாருங்கள். துளை இல்லாத தொட்டி என்றால் கப்பைத் தனியாக ஒரு தட்டில் வையுங்கள். பூ உதிர்ந்ததும் பாசியைப் பிரித்து அந்த நடு உருண்டையை எடுத்துவிட்டு கரியில் நடுங்கள். கிரகப்பிரவேசத்தன்று நான் சித்தியிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

போன வாரம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். புது வேர் ஒன்று தொட்டியை விட்டு வெளியே வந்து, ஜன்னல் கம்பியைச் சுற்றிப் பிடித்திருந்தது. வேலைக்கு வரும் அம்மா அதை வெட்டிவிடவா என்று கேட்டாராம், சித்தி கூடாது என்றுவிட்டார். பேசிக்கொண்டே தொட்டியை ஒரு கையால் லேசாகத் தூக்கி, எடை பார்த்து, திரும்ப வைத்தார். "இன்னும் ரெண்டு நாளாகும்" என்றார். நான் கப்பின் ஓரத்தில் பார்த்தேன், வேர் பச்சையாகத்தான் இருந்தது.